உதைக்காத துப்பாக்கி

கிளீவ்லாந்திலிருந்து மேற்கே, ஈரி ஏரியைத் தொட்டும் விட்டும் போகிற ஒஹாயோவின் 2ஆம் எண் சாலையில் ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் போர்ட் கிளின்டன் வரும். மீன்பிடி ஊர். வால்ஐ மீனுக்கு உலகத் தலைநகரம் தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். புத்தாண்டு நள்ளிரவில் நியூயார்க்கில் ஒளிப்பந்து இறங்கும்போது இங்கே கண்ணாடியிழையில் செய்த பெரிய மீன் இறங்கும். கோடை தொடங்கியதும் ஏரியிலிருந்து மேஃப்ளை பூச்சிகள் கிளம்பும். அந்தக் கூட்டம் வானிலை ரேடாரில் மழைமேகமாகவே பதிவாவது உண்டு. நாங்கள் போன ஜூலையில் அந்தப் பருவம் முடிந்திருந்தது. தெருவிளக்குக் கம்பங்களின் அடியில் மட்டும் சிறகுகள் குவிந்து கிடந்தன.

ஊரைத் தாண்டிச் சில மைல் போனால் கேம்ப் பெர்ரி. அதற்கும் அப்பால் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம் தட்டையான வயல்வெளிக்கு மேலே நிற்கிறது. வழி தெரியாதவர்கள் அதைப் பார்த்தே வந்துவிடலாம்.

1813இல் இந்த ஏரியில் பிரிட்டிஷ் கப்பல்களை முறியடித்த ஆலிவர் ஹசார்ட் பெர்ரியின் பெயர்தான் முகாமுக்கு. 1907 முதல் அமெரிக்காவின் தேசியத் துப்பாக்கிச் சுடும் போட்டிகள் நடந்துவரும் இடம். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மானிய, இத்தாலியப் போர்க்கைதிகளை இங்கே அடைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் இருந்த சின்னச் சின்னக் குடில்களில் பின்னாளில் போட்டிக்கு வந்தவர்கள் தங்கினார்கள். ரைஃபிள் போட்டி நாட்களில் ஏரியில் எல்லை தாண்டி ஏதாவது படகு வந்துவிட்டால் மொத்தச் சுடுதளமும் நின்றுவிடும். அது விலகும்வரை நூற்றுக்கணக்கானவர்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

என்னை அழைத்துப்போன நண்பர் கோயம்புத்தூர்க்காரர், டொலிடோவில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அங்கே ஒரு துப்பாக்கிக் கழகத்தில் உறுப்பினர். அமெரிக்காவும் துப்பாக்கியும் என்றால் நமக்கு ஞாபகம் வருகிற செய்தி ஒன்றுதான். அதை நான் சொல்லவும் செய்தேன். "அதுவும் உண்மைதாங்க. இதையும் வந்து பாருங்க" என்றார். வாதம் அதோடு முடிந்தது.

நான் பார்க்க வந்தது புல்ஸ்ஐ பிஸ்டல் போட்டி. ஒற்றைக் கையால் சுடவேண்டும். மற்றக் கை பாக்கெட்டிலோ இடுப்பு பெல்ட்டிலோ கிடக்கும். மூன்று பிரிவுகள்: முதலில் .22 காலிபர், அடுத்து .32 அல்லது அதற்கு மேற்பட்ட ஏதாவதொரு சென்டர்ஃபயர், கடைசியில் .45. ஒவ்வொன்றிலும் 90 தோட்டா, 900 புள்ளி. மொத்தம் 270 தோட்டா, 2700 புள்ளி. போட்டிக்குப் பெயரே 2700. 50 கஜத்தில் பத்துத் தோட்டாவுக்குப் பத்து நிமிடம். 25 கஜத்தில் ஐந்து தோட்டாவுக்கு 20 விநாடி, பிறகு ஐந்து தோட்டாவுக்கு 10 விநாடி. மரைன் படையிலிருந்து வந்த பிரையன் ஜின்ஸ் இதில் 12 முறை தேசியச் சாம்பியன். ஒற்றைக் கையை நீட்டி 50 கஜத்துக்கு அப்பால் இருக்கும் கறுப்பு வட்டத்தை ஒருமுறை பார்த்தாலே அந்த 12 என்ன பெரிய எண் என்று தெரிந்துவிடும்.

சென்டர்ஃபயர் பிரிவுக்கு .45ஐயே பயன்படுத்தலாம் என்பதால் பெரும்பாலோருக்கு இரண்டு துப்பாக்கி போதும். ஒன்றை வைத்தே மூன்று பிரிவையும் முடிக்கிறவர்களும் உண்டு. அப்படி ஒருவரை நண்பர் எனக்கு அறிமுகப்படுத்தினார். பென்சில்வேனியாவில் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். நாங்கள் தங்கிய மோட்டலில்தான் அவரும் தங்கியிருந்தார். போட்டிக்கு முந்தின நாள் மாலை, அறையின் மேசைமேல் துண்டை விரித்துக்கொண்டு தன் 1911 பிஸ்டலை எடுத்தார்.

முதலில் மேகசினை உருவினார். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து அறைக்குள் பார்த்தார். பார்த்தது போதாதென்று சுண்டுவிரலையும் உள்ளே விட்டுத் தடவினார். பிறகு என்னிடம் நீட்டி என்னையும் பார்க்கச் சொன்னார். அதற்கப்புறம்தான் வேலை. முனையில் இருந்த வளையத்தைத் திருப்பி, உள்ளிருந்து தெறித்துவிடப் பார்க்கும் ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் அமுக்கி வெளியே எடுத்தார். பக்கவாட்டில் இருந்த குறுக்கு ஊசியை உருவியதும் எஃகு ஸ்லைடு குழலோடு சேர்ந்து முன்பக்கமாகக் கழன்று வந்தது. அதைத் துணியில் சுற்றி வைத்தார். சின்னப் பெட்டியைத் திறந்து, கிட்டு என்று அவர்கள் சொல்லும் இன்னொரு மேல்பாகத்தை எடுத்தார்: அலுமினியம், கறுப்புப் பூச்சு, குழலின் வாயில் என் சுண்டுவிரல்கூட நுழையாது. அதை அடிச்சட்டத்தில் நழுவவிட்டு, அதே குறுக்கு ஊசியைச் செருகி, மெலிந்த மேகசின் ஒன்றைத் தள்ளினார். காலையில் .45 ஆக இருந்தது இப்போது .22. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மிக்ஸியின் அடிப்பாகம் அப்படியே இருக்க மேலே ஜார் மட்டும் மாறுவதுபோல.

பழைய ஸ்லைடை ஒரு கையிலும் கிட்டின் ஸ்லைடை மறு கையிலும் வைத்து எடைபார்க்கச் சொன்னார். எஃகு கையை இழுத்தது. அலுமினியம் இருப்பதே தெரியவில்லை. மொத்தச் சூட்சுமமும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

.45 தோட்டாவின் குண்டு சுமார் 15 கிராம். .22இன் குண்டு 2.6 கிராம். பிஸ்டல் குழலிலிருந்து கிளம்பும்போது சின்னதன் ஆற்றல் பெரியதன் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குதான். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1911இல் குழலும் ஸ்லைடும் பல்லோடு பல் பூட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் சேர்ந்தே பின்னுக்கு வரும். பிறகு குழல் கீழே இறங்கி விலகும், ஸ்லைடு மட்டும் தொடர்ந்து போய்க் காலிக் கூட்டை வெளியே எறியும். இந்தப் பாரத்தையெல்லாம் தள்ள .22க்குத் தெம்பு கிடையாது. அதனால் கிட்டில் பூட்டே வைப்பதில்லை. குழல் அசையாமல் நிற்கும். இலேசான ஸ்லைடும் மெல்லிய ஸ்பிரிங்கும் மட்டும் வெடியழுத்தத்தை வாங்கிக்கொண்டு பின்னால் போய்த் திரும்பும்.

குறிபார்க்கும் போட்டிக்கென்றே செய்த கிட்டுகளில் இன்னொரு வசதியும் உண்டு. குழலுக்கு மேலே ஓடும் பட்டையும் அசையாத பாகம். சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கியை அதில்தான் பொருத்துகிறார்கள். ஸ்லைடு முன்னும் பின்னும் ஓடினாலும் நோக்கி நிற்கிற இடத்திலேயே நிற்கும். மார்வெல் என்ற பெயரில் வந்த கிட்டு புல்ஸ்ஐக்காரர்களிடையே பேர்வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். செக் நாட்டின் சிஇசட் நிறுவனம் தன் 75 பிஸ்டலுக்குச் செய்த கடேட் கிட்டிலும் மேல்பாகம் அசையாது, உள்ளிருக்கும் பின்கட்டை மட்டும் ஓடும்.

இரண்டு தோட்டாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விலை வித்தியாசம் ஏன் என்பதும் விளங்கும். .45இன் அடிப்பாகம் கனத்த பித்தளை. நடுவில் பிரைமர் என்ற சின்னக் கிண்ணத்தைத் தனியாகச் செருகியிருக்கிறார்கள், சென்டர்ஃபயர் என்ற பெயர் அதனால்தான். .22க்கு அது கிடையாது. தீப்பற்றும் மருந்து அடிவிளிம்பின் உட்புறத்தில் சுற்றிலும் தடவியிருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் வெடிக்கும், ஆகவே விளிம்பு மெல்லியதாக இருந்தே தீரவேண்டும். மெல்லிய தகட்டால் அதிக அழுத்தம் தாங்கமுடியாது. ரிம்ஃபயர் எனப்படும் இந்த முறை சின்னத் தோட்டாக்களோடு நின்றுபோனதற்குக் காரணம் இதுதான். 1887இல் வந்த .22 லாங் ரைஃபிள் இன்றைக்கும் அதே உருவத்தில் மலிவாக வந்துகொண்டிருக்கிறது. சில்லறைக் கடையில் தோட்டா ஒன்று சுமார் 10 சென்ட். .45 என்றால் 40 சென்டுக்குக் குறையாது.

கணக்கைப் பெரியவரே போட்டுக் காட்டினார். கிட்டுக்கு 300, 400 டாலர். ஒரு தோட்டாவுக்கு 30 சென்ட் மிச்சம் என்றால் ஆயிரத்துச் சொச்சம் தோட்டாவில் கிட்டின் விலை திரும்பிவிடும். வாரம் நூறு சுடுகிறவருக்கு மூன்று மாதம். அதற்கப்புறம் சுடுவதெல்லாம் லாபம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2012 டிசம்பரில் நியூடவுன் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகு, புதுச் சட்டம் வந்துவிடும் என்ற பயத்தில் மக்கள் தோட்டாவை அள்ளிக் குவித்தபோது காணாமல் போனவற்றில் இந்த .22உம் ஒன்று. கடைகளில் அலமாரி மாதக்கணக்கில் காலி. மலிவுக்காகக் கிட்டு வாங்கியவர்கள் போடத் தோட்டா கிடைக்காமல் அதைப் பெட்டியிலேயே வைத்திருந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டதற்குப் பெரியவர் தோளைக் குலுக்கினார்.

மலிவுப் பயிற்சி என்ற யோசனை இப்போது வந்ததல்ல. கோல்ட் கம்பெனி 1931இலேயே ஏஸ் என்ற பிஸ்டலைக் கொண்டுவந்தது: 1911இன் சட்டம், .22 தோட்டா. பொருளாதார மந்தத்தின் காலம், தோட்டாச் செலவைக் குறைக்க ராணுவத்துக்கும் ஆசை. ஆனால் குறை ஒன்று சொன்னார்கள்: இது உதைக்கவில்லையே, சிப்பாய்க்கு எப்படிப் பழகும்? அதற்கு விடை கொண்டுவந்தவர் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ். வட கரோலினாக்காரர். 1921இல் கள்ளச்சாராயச் சோதனையின்போது துணை ஷெரீஃப் ஒருவர் சுடப்பட்டு இறந்த வழக்கில் சிறைக்குப் போனவர். சிறைப் பட்டறையில் கிடைத்த இரும்பை வைத்தே துப்பாக்கி செய்து பழகி, 1929இல் விடுதலையானவர். அவர் கதையை 1952இல் ஹாலிவுட்டில் படமாக எடுத்தார்கள், அவராக நடித்தது ஜேம்ஸ் ஸ்டூவர்ட்.

வில்லியம்ஸ் செய்தது மிதக்கும் அறை. தோட்டா உட்காரும் அறையைக் குழலிலிருந்து தனித் துண்டாகப் பிரித்தார். வெடித்ததும் வாயு இரண்டுக்கும் இடையே புகுந்து அறையையே பின்னால் தள்ளும், அது ஸ்லைடை மோதும். சின்னத் தோட்டாவுக்குப் பல மடங்கு உதை கிடைத்தது. 1937இல் சர்வீஸ் ஏஸ், 1938இல் உங்கள் .45க்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் கிட்டு. பொறியியலாகப் பார்த்தால் அற்புதம். புழக்கத்தில் தொல்லை. ஈயமும் கரியும் இடுக்கில் படிந்து, மிதக்க வேண்டிய அறை இறுகி நின்றுவிடும்.

பழைய கோல்ட் கிட்டு ஒன்றைப் பெரியவர் இளமையில் வைத்திருந்து விற்றுவிட்டாராம். "உதையைப் பொய்யாகச் செய்து காட்டினார்கள். எனக்கு உதை வேண்டாம் என்றுதானே .22க்கு வந்தேன்?" என்றார். எனக்கு இது அந்த இரவில் முழுக்கப் புரியவில்லை. மறுநாள் சுடுதளத்தில் புரிந்தது.

.22 பிரிவு காலையில் தொடங்கியது. வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் மரப்பெட்டி, அதன் மூடியில் பொருத்திய தொலைநோக்கி. சுடாத நேரத்தில் எல்லாத் துப்பாக்கியின் அறையிலும் பளிச்சென்ற நிறத்தில் பிளாஸ்டிக் கொடி செருகியிருக்கவேண்டும். ஒலிபெருக்கியில் வலது பக்கம் தயாரா, இடது பக்கம் தயாரா என்று கேட்டு முடிந்ததும், பக்கவாட்டில் திரும்பி நிற்கும் இலக்கு அட்டைகள் ஒரே சமயத்தில் முகம் காட்டும். பத்து விநாடி ஆனதும் மறுபடி திரும்பிக்கொள்ளும். கொஞ்சம் தாமதித்த தோட்டா அட்டையின் விளிம்பைத்தான் பார்க்கும். சுட்டு முடித்தபின் எல்லோரும் ஏரிப்பக்கம் நடந்து போய்ப் பக்கத்துக்காரரின் அட்டையை எண்ணிக் கணக்கெழுதுகிறார்கள். தன் அட்டையைத் தானே எண்ணுவதில்லை.

வேகச் சுற்று ஒன்றில் பெரியவரின் மூன்றாவது தோட்டா வெடிக்கவில்லை. ரிம்ஃபயரில் இது சகஜம். விளிம்பில் மருந்து சரியாகப் பரவாத இடத்தில் ஊசி அடித்துவிட்டால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. நான் அவருக்குப் பின்னால், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். சுத்தியல் விழுந்தது. குழல் நூலிழைகூட அசையவில்லை. கை நீட்டியபடி, பிஸ்டல் நீட்டியபடி இருந்தது. ஒரு கணம் கழித்துத்தான் அவருக்கே உறைத்திருக்கும்போல, பாக்கெட்டிலிருந்த இடது கையை உயர்த்தினார். நடுவர் வந்து பார்த்தார். அந்தச் சுற்றை மறுபடி சுட அனுமதி உண்டு.

"பார்த்தீங்களா?" என்றார் நண்பர். "அதே .45 வெடிக்காம போனா என் குழல் ரெண்டு அங்குலம் கீழே குத்தும். உதை வரப்போகுதுன்னு கை முன்கூட்டியே பதறிடும். உதைச்சுட்டா அந்தப் பதற்றம் உதைக்குள்ள ஒளிஞ்சுக்கும், கண்ணுக்குத் தெரியாது." பயிற்சியில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே போலித் தோட்டா கலந்துகொடுக்கிற வழக்கம் இதைப் பிடிக்கத்தான். .22இல் உதை இல்லாததால் கை பதற முகாந்திரம் இல்லை. பதறினாலும் மறைய இடமில்லை. ராணுவம் குறை என்று சொல்லி, வில்லியம்ஸ் தன் மேதைமையையெல்லாம் செலவிட்டுச் சரிசெய்த விஷயம்தான் உண்மையில் இந்தக் கிட்டின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. பழக வேண்டியது விரல். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் பாடம் பிறகு.

விரலுக்கு என்றால் அதே விசையில் பழகவேண்டும். தனியாக ஒரு .22 பிஸ்டலே வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில், ஆனால் பதிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. விதிப்படி .45இன் விசை மூன்றரை பவுண்டு எடையைத் தாங்கவேண்டும், .22க்கு இரண்டு பவுண்டு போதும். கிட்டு மாட்டியவர் .22 பிரிவிலும் மூன்றரை பவுண்டையே இழுக்கிறார். பக்கத்து மேசையில் 1957 முதல் வரும் ஸ்மித் அண்ட் வெஸன் 41ஓ, இத்தாலியப் பர்தினியோ வைத்திருப்பவருக்கு விரல் தொட்டால் போதும். புள்ளிப் பட்டியலின் மேல்வரிசையில் இருந்தவர்களில் பலர் தனித் துப்பாக்கிக்காரர்கள். பெரியவர் அந்த வரிசையில் இல்லை, அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவும் இல்லை. "ஒரே விசை எனக்குப் போதும்" என்று முடித்துக்கொண்டார்.

சென்டர்ஃபயர் என்ற பிரிவு நம் நாட்டிலும் உண்டு. 2006 தோஹா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா 590 புள்ளியோடு உலகச் சாதனையைச் சமன்செய்து தங்கம் வென்றது 25 மீட்டர் சென்டர்ஃபயரில்தான். அதில் .32 தோட்டா. வால்தர் ஜிஎஸ்பி மாதிரியான ஐரோப்பியப் பிஸ்டல்களில் .22, .32 இரண்டுக்கும் ஒரே சட்டத்தில் பாகத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அமெரிக்காவைப்போல நம் நாட்டில் கிட்டு கூரியரில் வீட்டு வாசலுக்கு வராது. அங்கே 1968ஆம் வருடச் சட்டப்படி பிஸ்டலின் அடிச்சட்டம் மட்டும்தான் துப்பாக்கி, மேல்பாகம் வெறும் உதிரிபாகம். நம் ஆயுதச் சட்டத்தில் பாகங்களும் ஆயுதத்தில் சேர்த்தி. செக் நாட்டிலும் குழல், ஸ்லைடு தனித்தனியே பதிவாகவேண்டும். என்னைக் கேட்டால் நம் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் சரி. கூரியரில் வருகிற துப்பாக்கிப் பாகத்தை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கடைசி நாள் .45. சத்தமே வேறு. முந்தின நாட்களில் காதில் சும்மா மாட்டியிருந்த பஞ்சை இன்று அழுத்திச் செருகிக்கொண்டேன். பெரியவர் எஃகு ஸ்லைடைத் திரும்ப மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மெதுச் சுற்று அழகாகப் போனது. பத்து விநாடிச் சுற்றில்தான் வயது தெரிந்தது. ஒவ்வொரு வெடிக்கும் பிஸ்டல் நெற்றி உயரம் எழும்பி, சிவப்புப் புள்ளி அட்டையைத் தேடிக் கீழே வருவதற்குள் இரண்டு விநாடி தீர்ந்துவிடும். இரண்டு தோட்டா கறுப்பு வட்டத்துக்கு வெளியே. .22 நாளில் எடுத்ததைவிடக் கணிசமாகக் குறைந்த புள்ளி. இதைக் கிட்டு கற்றுத்தராது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். நாலு பங்கு .22 சுட்டால் ஒரு பங்கு .45 சுட்டே ஆகவேண்டுமாம். இந்த வருடம் அந்த ஒரு பங்கில் கைவைத்துவிட்டாராம், மணிக்கட்டு வலிக்கிறதென்று.

சுட்டு முடிந்ததும் ஆளாளுக்குக் குனிந்து காலிக் கூடுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். .45இன் பித்தளைக் கூட்டில் புது பிரைமர் செருகி, மருந்தும் குண்டும் போட்டு வீட்டிலேயே திரும்பச் செய்துகொள்ளலாம். பாதிச் செலவு அதில் மிச்சம். முதல் நாளின் .22 கூடுகள் புல்லிடையே மினுங்கிக்கொண்டு அப்படியே கிடந்தன. விளிம்பு நசுங்கியதை மறுபடி நிரப்ப வழியில்லை. பெரியவர் தன் கூடுகளைத் தொப்பியில் அள்ளிக்கொண்டார், என் காலடியில் கிடந்த மூன்றையும் விடவில்லை.

போகிற வழியில் முகாமுக்குள் இருக்கும் கடைத்தெருவில் நின்றார். 500 தோட்டா அடங்கிய கட்டுகள் அடுக்கியிருந்தன. விலை கேட்டார், போன வருடத்தைவிட ஏறிவிட்டதென்று முணுமுணுத்தார், பத்துக் கட்டு அடங்கிய பெட்டியாக எடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று பேரம் பேசினார். கொஞ்சம் குறைத்தார்கள். 5,000 தோட்டா. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்க நண்பரைக் கூப்பிட்டார். எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டேன்.

"பனி பெய்ய ஆரம்பித்தால் உள்ளரங்கில் வாரம் இருநூறு சுடுவேன்" என்றார், மணிக்கட்டைத் தேய்த்தபடி. "ஜனவரி வரை ஓட்டிவிடலாம்."